குடம் ஒன்று, சொந்தம்

"ஒரு குடத்தை முன்னால வச்சுச் சுட்டுப் பாக்கணும் சார்" என்றாள் இசக்கியம்மாள். "எவர்சில்வர் குடம். காலிக் குடம்."

கூட்ட அறையில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். இயக்குநர் வேதநாயகத்தின் கை பட்டு டீ கிளாஸ் சரிந்து, கையெழுத்துக்குக் காத்திருந்த சான்றிதழின் ஓரம் நனைந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அவளையே பார்த்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இந்தத் தோட்டாச் சோதனை மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, இதே அறையில் வைத்து அவர் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார். "இங்க ஒரு பட்டியல் இருக்கு. துணி, தோல், மரம், கண்ணாடி, கவசத் தகடு. பட்டியல்ல இருக்கறதைச் சுடு. அளந்து எழுது. பட்டியல்ல இல்லாததைச் சுடணும்னு மட்டும் என்னைக்கும் கேக்காத." ஏன் சார் என்று கேட்டதற்கு, "கேக்காதன்னா கேக்காத" என்று எழுந்து போய்விட்டார்.

முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் நாலு நாள் நின்று சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிக் கல்லூரியில் சேர்ந்தவள் அவள். அப்படி வருகிறவர்களுக்கு ஊரில் உள்ள எல்லோரும் புத்திமதி சொல்வார்கள். வாயை மூடிக்கோ, தலையைக் குனிஞ்சுக்கோ, கிடைச்ச வேலையைக் காப்பாத்திக்கோ. மூன்றில் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.

எல்லைப் போர் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. போரில் மிஞ்சிய துப்பாக்கிகள் மொத்தமும் போலீஸ் கைக்கு வந்துவிட்டன. துப்பாக்கி ஒன்றானாலும் தேவை ஒன்றில்லை. ராணுவத்துக்குக் கவசத்தைத் துளைத்து உள்ளே இருப்பவனைக் கொல்லும் தோட்டா வேண்டும். போலீஸுக்கு ஆளைச் சாய்க்கும் தோட்டா வேண்டும். ஆனால் மறுநாள் செய்தியில் பிணம் வரக்கூடாது. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய நாட்டில் ஆலை மிச்சமில்லை. அப்படிப் பிறந்ததுதான் ஒற்றைத் தோட்டா. அதன் முனைக்குள் கடுகளவுக்கு ஒரு மூளை. எதன்மேல் பட்டாலும் பட்ட கணத்தில் அது தடவிப் பார்க்கும். கடினமாக இருந்தால் கவசம் என்று எடுத்துக்கொண்டு, மூடியபடியே துளைத்துக்கொண்டு போகும். மெத்தென்று இருந்தால் வெறும் உடம்பு என்று எடுத்துக்கொண்டு, ஆறு இதழாக விரிந்து இரண்டு விரல் ஆழத்தில் நின்றுவிடும். விலா எலும்பு முறியும். ஆள் விழுவார். ஆனால் பிழைத்துக்கொள்வார். சுடுகளத்தில் இதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. விரிந்தால் பூத்துருச்சு, விரியாவிட்டால் மொட்டாப் போயிருச்சு.

"குடமா?" என்றார் ஐ.ஜி. சத்தியவிரதன். போலீஸ் தரப்பின் பிரதிநிதி. நல்ல மனிதர்போலச் சிரிக்கத் தெரிந்தவர். "அப்படியே பக்கத்துல குழம்புச் சட்டியும் வச்சுருவமா?"

"வைக்கலாம் சார். அதுவும் உலோகமா இருந்தா வைக்கலாம்."

கர்னல் பூவையா சிரித்துவிட்டார். ராணுவத் தரப்பு அவர். குடகுக்காரர், குன்னூரில் பத்து வருடம் இருந்து கற்ற தமிழ். "விளக்கமாச் சொல்லுங்க மேடம்."

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தோட்டா குறி தப்பிப் போச்சு. ஜெல் கட்டிக்குக் கட்டியிருந்த காக்கி பெல்ட்டோட பித்தளைக் கொக்கியில பட்டுச்சு. பூக்கல சார். மொட்டாவே உள்ள போயிருச்சு. குறி தவறியதுன்னு எழுதி மூடிட்டோம். உலோகத்தைக் கண்டா அது கவசம்னு நினைச்சுக்குது. எங்க பக்கம் தண்ணி வரலன்னா பொம்பளைங்க காலிக் குடத்தோட ரோட்டுல உக்காருவாங்க. போலீஸ் லத்தியைத் தூக்கினா குடத்தை நெஞ்சுக்கு நேராப் பிடிச்சுக்குவாங்க. அந்த நேரத்துல இது என்ன நினைக்கும்?"

"இப்பல்லாம் பிளாஸ்டிக் குடம்தானேம்மா" என்றார் ஐ.ஜி.

"எல்லாம் இல்ல சார்."

இல்லைதான். முதல் மாதச் சம்பளத்தில் அவள் அக்கா பொன்னுத்தாய்க்கு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஏழாவதோடு நின்று தீப்பெட்டி ஆலைக்குப் போய், தங்கச்சியைப் பட்டணத்துக்கு அனுப்பியவள் பொன்னுத்தாய். காலையில்தான் போன் செய்திருந்தாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமை பேட்டரி கம்பெனிக் குழாய்கிட்ட உக்காரப் போறோம். நம்ம தெருவு வழியாத்தான தண்ணி போவுது, நமக்கு ஒரு சொட்டு உண்டா? உன் குடத்தைத்தான் தூக்கிட்டுப் போறேன். அத்தனை பிளாஸ்டிக்குக்கும் நடுவுல அது ஒண்ணுதான் மின்னும். டிவிக்காரன் அதைத்தான் எடுப்பான், பாரு."

போகாதே என்று வாய்வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்டால்? ரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள். வாய் திறந்தால் ஏழு வருடம் ஜெயில். அதுவும் போனில். "பாத்துப் போக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைவீதிக்குப் போய், அக்காவுக்கு வாங்கிய அதே அளவில் அதே மாதிரிக் குடம் ஒன்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். வாயிலில் இருந்த காவலாளி சுடலைமுத்து பதிவேட்டில் எழுதும்போது, "கல்யாணமா மேடம்?" என்று கேட்டார்.

"வச்சுப் பாக்கலாமே" என்றார் கர்னல். "அஞ்சு நிமிஷ வேலை."

"இசக்கி, உக்காரு." வேதநாயகத்தின் குரல் அவள் இதுவரை கேட்காத குரலாக இருந்தது. அதட்டல் இல்லை. கெஞ்சல்போல இருந்தது. "இன்னைக்குக் கையெழுத்துப் போட்டு முடிக்கறோம். வெள்ளைப் பட்டை. ரெண்டு தரப்புக்கும் வெள்ளைப் பட்டை. எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு."

"இருங்க வேதநாயகம் சார்." ஐ.ஜி. நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "பொண்ணு கேக்கறது நியாயம்தானே? மக்கள் பாதுகாப்பு. சுட்டுப் பாத்துரலாம். ஒண்ணே ஒண்ணு, எங்க ஆளுங்களுக்குன்னு ஆலையிலிருந்து வந்த மஞ்சள் பட்டைப் பெட்டி இருக்கும்ல, அதுலிருந்து எடுத்துச் சுடுங்க."

ஆலையிலிருந்து இரண்டு வகைப் பெட்டி வரும். ராணுவத்துக்கென்று வெள்ளைப் பட்டை. போலீஸுக்கென்று மஞ்சள் பட்டை. இரண்டையும் அவளே நூற்றுக்கணக்கில் சுட்டு அளந்திருக்கிறாள். துணியில், தோலில், மரத்தில், கவசத் தகட்டில், எதிலும் இம்மி வித்தியாசம் கிடையாது. நெல்லுச் சாக்குக்கு அடையாளம் போடுவதுபோல என்று நினைத்திருந்தாள்.

வேதநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் இசக்கி.

*

சுடுகளத்தில் ஆரோக்கியம் அண்ணன் ஜெல் கட்டியைப் பீடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். மனுஷ உடம்பின் மார்பளவுக்கு, வெளிறிய தேன் நிறத்தில், தொட்டால் குலுங்கும் கட்டி. இருபது வருடமாக இங்கே சுடுகிறவர். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு பேர் வைப்பார். பேர் இல்லாதவனைச் சுட்டால் கை நடுங்கும் என்பார். கேட்பவர்களுக்கு அது தலைகீழாகத் தோன்றும்.

"நேத்து சுட்டது ராஜமாணிக்கம். நல்ல மனுஷன், ரெண்டு பூவை வாங்கிட்டு அசையாம நின்னான். இவனுக்கு என்ன பேரு வைக்கட்டும் பிள்ள?"

"பேரு இருக்குண்ணே" என்றாள் இசக்கி.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை.

குடத்தை அவளே கொண்டுபோய்க் கட்டிக்கு முன்னால் கட்டினாள். எப்படிப் பிடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வயிறு முன்னால் தள்ளி இருக்கும். இரண்டு கையும் கழுத்தைச் சுற்றி. கை இல்லாததால் கயிறு கட்டினாள். கட்டிக்கொண்டிருக்கும்போது பளபளப்பில் தன் முகம் அகலமாகத் தெரிந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள். ஆரோக்கியம் மஞ்சள் பட்டைப் பெட்டியை உடைத்து ஒன்றை எடுத்துப் பொருத்தினார். ஐம்பது மீட்டர்.

சத்தம் பெரிதாக இல்லை. குடம் டங்கென்று ஒரு முறை அதிர்ந்து நின்றது. விழக்கூட இல்லை. முன்னால் சுண்டுவிரல் நுழைகிற அளவில் ஒரு ஓட்டை. கட்டிக்குப் பின்னாலிருந்த மணல் மூட்டையிலிருந்து மணல் மெதுவாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மெதுவோட்டக் கேமராவில் பார்த்தார்கள். முனை குடத்தின் முன்பக்கத்தைத் தொட்டது. குடத்துக்குள் போனது. பின்பக்கத்தால் வெளியே வந்தது. கட்டியின் நடு நெஞ்சில் ஏறி, நேராக முதுகுப் பக்கம் போய்விட்டது. மூடியது மூடியபடி.

"மொட்டு" என்றார் ஆரோக்கியம்.

"பாத்தீங்களா சார்." இசக்கியின் குரலில் பயமும் இருந்தது, இவ்வளவு நாள் சந்தேகப்பட்டது சரிதான் என்ற வெறியும் இருந்தது. "இதைப் போய் உயிரெடுக்காத தோட்டான்னு எழுதி அனுப்பப் பாத்தோம். ராணுவத்துக்காகச் செஞ்ச மூளை இது. அதுக்குக் குடமும் ஒண்ணுதான், கவசமும் ஒண்ணுதான். கர்னல் சார், உங்க தேவைக்காக எங்க பொம்பளைங்க சாகணுமா?"

கர்னல் பூவையா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப வெள்ளையில ஒண்ணு சுடுங்க" என்றார்.

"வேண்டாம் கர்னல்" என்றார் வேதநாயகம்.

"வேணும். எனக்குத் தெரியணும்."

அதே குடம். ஓட்டைக்கு நாலு விரல் தள்ளிக் குறி. ஆரோக்கியம் சுட்டார். இந்த முறை குடம் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு உருண்டது. வயிற்றில் தலையளவுக்கு ஒரு நெளிசல். அதன் நடுவில், ஈயம் பூசினதுபோல ஆறு இதழும் விரிந்து அப்பிக்கொண்டிருந்தன. பொன்னுத்தாயின் பேரில் நின்ற கட்டியில் ஒரு கீறல் மட்டும்.

வெளியே எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மேடம்" என்றார் கர்னல் கடைசியில். "முனைக்குள்ள ஒரு எண் இருக்கு. எத்தனை கனத்துத் தகட்டைக் கண்டா மூடிக்கணும்னு சொல்ற எண். எங்க எதிரி கட்டுற தகடு ஆறு மில்லிமீட்டர். நாங்க கேட்டது நாலு. அதுதான் வெள்ளைப் பட்டை. உங்க பெல்ட் கொக்கி நாலுக்கு மேல இருந்திருக்கும், அதான் ஏமாந்துச்சு. குடத் தகடு அரை மில்லிகூட இருக்காது. அதைக் கவசம்னு நினைக்கச் சொல்லி நாங்க கேக்கல. எங்களுக்கு எதுக்கு அது? யுத்தத்துக்கு யாரும் குடத்தோட வர்றதில்ல."

எல்லோரும் ஐ.ஜி.யைப் பார்த்தார்கள். அவர் தன் கைக்கணினியில் ஏதோ எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி என்று தேடினால் கிடைக்காது.

"நாலு வருஷம் முன்னாடி ஒரு பேட்டரி கம்பெனிக் குழாய்ல கலாட்டா வந்துச்சும்மா. எங்க ரப்பர் குண்டு குடத்துல பட்டுத் தெறிச்சு, எங்க பையன் ஒருத்தனுக்கு முன்பல் ரெண்டும் போச்சு. கூட்டம் மொத்தமும் கை தட்டிச் சிரிச்சுது. இப்ப எங்க போனாலும் குடம், தட்டு, அண்டா மூடி. எல்லாமே கேடயம். கேடயத்துக்குப் பின்னால இருக்கறவங்ககிட்டச் சட்டம் போய்ச் சேர வேண்டாமா? அதான் மஞ்சள் பட்டையில அந்த எண்ணைக் குறைச்சுக் கேட்டோம்."

"அது கேடயம் இல்ல சார். குடம்."

"அதை நாங்க முடிவு பண்ண வேண்டியதே இல்லையே. தோட்டா பண்ணும். சுடுறவன் கையில இனிமே அந்தப் பாவம் ஒட்டாது. பிளாஸ்டிக் பிடிச்சிருந்தா விழுவாங்க, எந்திரிச்சுப் போவாங்க. இரும்பைப் பிடிச்சா, அது அவங்க எடுத்த முடிவு."

"அவங்களுக்குத் தெரியுமா சார் இது?"

"சொல்ல முடியாதே. ரகசியம்." அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க கண்டுபிடிச்சது பிழைன்னு நினைக்கறீங்க. பிழை இல்லம்மா. அது வேலை செய்யுது. வேலை செய்யுதுன்னு காட்ட ஒரு சோதனை இல்லாம மூணு வருஷமா மஞ்சள் பட்டை அப்படியே நின்னுச்சு. மெல்லிசுத் தகடு உங்க பட்டியல்லயே இல்ல. நாங்களே ஒரு குடத்தை வைங்கன்னு எழுதிக் கேக்க முடியுமா? நாளைக்கு எவனாவது எடுத்துப் படிச்சா அசிங்கம். அலுத்துப்போய், வெள்ளையே போதும்னு இன்னைக்குக் கையெழுத்துப் போட வந்தேன். இப்ப உங்க மையமே வந்து கேட்டுச்சு. ரொம்ப நன்றி. வியாழக்கிழமை மஞ்சள் பெட்டி கிளம்பிரும். ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"போட மாட்டேன்."

"சோதனை நடந்தது கேமராவுல இருக்கு. ஆரோக்கியம் போட்டாலும் போதும்." அவர் சிரித்தார். "ஆனா கேட்டவங்க போட்டா அழகா இருக்கும்."

கர்னல் தொப்பியைக் கையில் எடுத்தார். இசக்கி வழியை மறித்து நின்றாள். "நீங்க எதிர்த்து எழுதலாமே சார். இப்பத்தான் உங்க கண்ணால பாத்தீங்க."

அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். "எங்க வெள்ளைப் பெட்டி எங்களுக்கு வந்துருச்சு மேடம். மத்தது உள்துறை விவகாரம்."

*

வராந்தாவில் வேதநாயகம் அவள் பின்னாலேயே வந்தார். அவள் கையில் குடம். அறுபதை நெருங்குகிற வயதுக்கு வேகமாக நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பட்டியல் போடறது நான்" என்றார். "மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் மெல்லிசுத் தகட்டை நான்தான் எடுத்துவிட்டேன். ஒரு தடவை மறந்துட்டேன்னேன். ஒரு தடவை கருவி ரிப்பேர்னேன். அந்தச் சோதனை நடக்காதவரைக்கும் அந்த எண்ணுக்குச் சான்றிதழ் கிடையாது. அதுக்குத்தான் உன்கிட்டச் சொன்னேன், பட்டியல்ல இல்லாததைக் கேக்காதன்னு. இன்னைக்கோட முடிஞ்சிருக்கும், இசக்கி. இன்னும் பத்து நிமிஷம் நீ பேசாம இருந்திருந்தா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அக்காவைக் காப்பாற்ற என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அந்தக் குடத்தாலேயே வாசலைத் திறந்துவிட்டாள். கோபம் வந்தது. முதலில் தன்மேல்; அப்புறம் அது போகவேண்டிய இடத்துக்குப் போனது.

"சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? கத்தியிருப்ப."

"கத்தித்தான் இருக்கணும். நீங்களும் சேந்து கத்தியிருக்கணும். மூணு வருஷம் தள்ளிப் போட்டீங்க, யாருக்கும் தெரியாமத் தள்ளிப் போட்டீங்க. கதவுக்குப் பின்னால நீங்க நிக்கறது தெரியாம நான் வந்து உதைச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா நானும் சேந்து பிடிச்சிருப்பேன்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு எட்டு மாசம் இருக்கு, ரிட்டயர் ஆக" என்றார் சம்பந்தமில்லாமல். சம்பந்தம் இருக்கத்தான் செய்தது.

"எங்க அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு சார்."

அவர் அவள் கையில் இருந்த குடத்தைப் பார்த்தார். "அதை உள்ள வச்சுட்டுப் போ. சோதனைப் பொருள் அது. வெளிய போகக்கூடாது. எடுத்துட்டுப் போனா ஏழு வருஷம், இசக்கி. உனக்காக நான் எதுவும் பண்ண முடியாது."

"தெரியும் சார். நீங்க பண்ண மாட்டீங்க."

*

வாயிலில் சுடலைமுத்து பதிவேட்டைப் புரட்டினார். காலையில் அவள் ஒப்படைத்திருந்த போனை அவளிடம் நீட்டினார். அக்காவிடமிருந்து இரண்டு அழைப்பு வந்து நின்றிருந்தது. அவள் திருப்பி அழைக்கவில்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். பொன்னுத்தாய் நம்பினால் தெரு நம்பும். தெரு நம்பினால் வேறு எந்த உலோகச் சாமானும் வீட்டைவிட்டு வெளியே வராது; வெள்ளிக்கிழமை அந்தக் குழாய்க்குப் பக்கத்தில், டிவிக்காரன் கேமராவுக்கு முன்னால், இந்த ஒரு குடம்தான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கை அக்காவுடையது இல்லை, தன்னுடையது என்பதையும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"அரசாங்கச் சாமான் வெளிய போகணும்னா பாஸ் வேணும் மேடம்."

"காலையில நீங்க எழுதினதைப் பாருங்கண்ணே."

அவர் விரலால் தடவிக்கொண்டே போய் நிறுத்தினார். அவர் கையெழுத்துத்தான். குடம் ஒன்று, சொந்தம்.

"அப்ப சரி." எழுதி முடித்துவிட்டுக் குடத்தை இன்னொரு முறை பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். நெளிசலையும் அதில் ஒட்டியிருந்த ஆறு இதழையும் பார்த்தார். பேனா மூடியைப் போட மறந்துவிட்டார். "பையில போட்டு எடுத்துட்டுப் போங்க மேடம். பஸ்ல எல்லாரும் பாப்பாங்க."

இசக்கி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஓட்டை வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பிவிட்டுக்கொண்டாள்.

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.